அரிப்புக்குக் களிம்பு கேட்பவரிடம் தூக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள்

மார்கழி பிறந்ததும் நீலகிரி மலையில், சோலூரில் உள்ள என் மருந்துக் கடையில் வேகமாகத் தீர்கிற சரக்கு எது என்று கேட்டால், இருமல் டானிக் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது இரண்டாவது. முதலில் தீர்வது அரிப்புக்கான களிம்பும், கூடவே கேட்டு வாங்கும் செட்ரிசின் அட்டையும்தான். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டுச் சுற்றுலாக்காரர்கள் கிளம்பி வருகிற அதே வாரத்தில், விடிவதற்கு முன்னால் கேரட் பிடுங்கப் போகிற எங்கள் ஆட்களுக்கு விரல் நுனி சிவந்து வீங்கி, வெந்நீர் பட்டால் எரிகிறது. குதிகால் வெடித்துச் சாக்ஸில் ரத்தம் ஒட்டுகிறது. கன்னம் கறுத்துக் காய்ந்து செதில் விடுகிறது.

பனிக்குத் தோல் வெடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் பனி எல்லோர் மேலும்தான் விழுகிறது. தேங்காய் எண்ணெயும் வாசலினும் தடவிக்கொண்டே குளிர்காலத்தைத் தாண்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே தோட்டத்தில், அதே தண்ணீரில் கை வைக்கிற இன்னொருவருக்கு முழங்கையில் தொடங்கி முதுகுவரை படை ஏறுகிறது. களிம்பை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, சில்லறையை எண்ணுகிற சாக்கில் நின்று, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்த பிறகு, "அண்ணா, தூக்கம் வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்பவர் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்க முடியாது என்று நான் சொல்வேன். அவரும் அதை எதிர்பார்த்தவர் போலத் தலையாட்டிவிட்டுப் போவார். இதை ஆய்வு என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று பல வருடமாகப் பார்க்கிற காட்சி.

மனசுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சண்டை போட வந்திருப்பது அந்த உண்மையை வைத்து நம் ஊரில் செய்யப்படுகிற உபதேசத்தோடு. "மனசைச் சந்தோஷமா வெச்சுக்கோங்க, எல்லாம் சரியாயிடும்" என்பது இப்போது மருந்துச் சீட்டின் கடைசி வரி மாதிரி ஆகிவிட்டது. யூடியூபில் அழகுக் குறிப்பு சொல்பவர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படம் சொல்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில நேரம் வெள்ளைக் கோட்டு போட்டவரும் சொல்லிவிடுகிறார்.

எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், ஒரு அக்கா இருக்கிறார். அரை ஏக்கருக்கும் குறைவான சொந்தத் தேயிலை. மற்ற நாள்களில் கூலிக்குக் கொழுந்து பறிக்கப் போவார். சொரியாசிஸ். முழங்கையிலும் தலையிலும் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிரும். உதகையில் பெரிய டாக்டரிடம் காட்டி ஒரு கோடைக்காலம் முழுக்க நன்றாக இருந்தார். மகனுக்குக் கோவையில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த வருடம் இலை விலையும் இறங்கியது. ஃபீஸ் கட்டும் மாதத்தில் படை திரும்பி வந்தது, இந்த முறை காலிலும். நான் களிம்பை எடுத்து வைக்கும்போது கடையில் நின்றிருந்த ஒரு பெரியவர், "நீ கவலைப்படறத விடும்மா, அதுவா போயிடும்" என்றார். அக்கா திரும்பி என்னைப் பார்த்து, "சந்தோசம் எந்தக் கம்பெனி மாத்திரைண்ணா? உங்க கடையில இருந்தா ரெண்டு அட்டை குடுங்க, இவரு கணக்குல எழுதிக்கோங்க" என்றார். பெரியவர் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த அக்கா சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஆனால் அதற்குப் போகும் முன், இந்த மலையில் நடந்து திரிந்த ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனசும் தோலும் என்று பேசினால் உலகத்திலேயே முதலில் நினைக்க வேண்டியவர்களில் ஒருவர் அவர் என்பது என் அபிப்பிராயம். நீலகிரிக்காரர்களுக்கே அவர் பெயர் அதிகம் தெரியாது.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜில் இருந்த மருத்துவர். 1901, 1902இல் நீலகிரிக்கு வந்து தோடர் பழங்குடியினரின் மந்துகளில், அதாவது குடியிருப்புகளில், மாதக்கணக்காக வேலை செய்தார். அவர்களின் பால்மடச் சடங்குகள், உறவுமுறைகள், எருமைகள் பற்றி அவர் எழுதிய 'தி தோடாஸ்' 1906இல் வெளிவந்த கனமான புத்தகம். இன்றும் தோடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் புரட்டாமல் எழுத முடியாது. அவர் வெறும் சடங்கை எழுதிப் போனவரல்லர். தோடர்களின் பார்வை, நிறங்களைப் பிரித்தறிவது, தொடு உணர்ச்சி, வலி உணர்ச்சி எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவர்.

இங்கிலாந்துக்குத் திரும்பியதும், 1903இல், அவருடைய நண்பர் ஹென்றி ஹெட் ஒரு காரியம் செய்தார். தன் இடது கையில் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பை அறுவைச் சிகிச்சையில் வெட்டச் சொல்லி, வெட்டிய முனைகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டார். பிறகு நான்கு வருடத்துக்கு மேல், ஹெட் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, ரிவர்ஸ் அவர் கையில் ஊசியாலும் பஞ்சாலும் சூடான, குளிர்ந்த பொருள்களாலும் தொட்டுத் தொட்டு, உணர்ச்சி எந்த இடத்தில் எப்படித் திரும்புகிறது என்று வரைபடம் போட்டார். 1908இல் அந்த ஆய்வு வெளியானது. அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிடித்த கவிதையைப் படித்துக் காட்டினால் ஹெட்டின் கையில் மயிர்க்கூச்செறிந்ததாம். ஊசியும் இல்லை, குளிரும் இல்லை. காதில் விழுந்த நாலு வரி தோலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது முதல் உலகப் போர். எடின்பரோவுக்குப் பக்கத்தில் கிரெய்க்லாக்கார்ட் என்ற ராணுவ மருத்துவமனையில் ரிவர்ஸ் டாக்டர். உடம்பில் காயமே இல்லாமல் பேச்சு நின்றுபோனவர்கள், கை கால் விளங்காமல் போனவர்கள், இரவெல்லாம் அலறுகிறவர்கள் அவரிடம் வந்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் குடும்பமும் டாக்டர்களும் சொன்ன வைத்தியம் என்ன? போரை மறந்துவிடு, நல்ல விஷயங்களை நினை, கடல், மலை, பூ என்று மனசைத் திருப்பு. ரிவர்ஸ் இதை மறுத்தார். 1917 டிசம்பரில் லண்டனில் மருத்துவர்கள் முன்னால் அவர் படித்த கட்டுரையின் சாரமே இதுதான். அடக்கி வைத்த நினைவு இரவில் திரும்பி வரும். அதைப் பற்றிப் பேசவிட்டால், அதைத் தாங்கக்கூடிய ஒரு பக்கத்தைக் கண்டுபிடிக்க உதவினால், பலர் தேறுகிறார்கள் என்று நோயாளிகளை வைத்தே காட்டினார்.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோடர் மந்துகளில் நடந்து, தோலை ஊசியால் அளந்து, மனசுக்கு வைத்தியம் பார்த்த அந்த மனிதர் கூடாது என்று சொன்ன அதே உபதேசத்தைத்தான் என் கடை வாசலில் அந்தப் பெரியவர் செய்தார்.

இப்போது கொஞ்சம் உடம்புக்குள் போவோம். மருந்தாளுநர் படிப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவில் குழந்தை உருவாகும்போது வெளிப்படலம் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி உள்ளே மடிந்து மூளையும் தண்டுவடமும் ஆகிறது. வெளியே நின்ற பகுதி மேல்தோலாகிறது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்ளலாம். பயமோ கவலையோ வந்தால் மூளையிலிருந்து தகவல் போய், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசால் விடுகிறது. நாய் துரத்தும்போது அது நல்லது. ஆனால் ஃபைனான்ஸ்காரர் மாதாமாதம் வரும்போது? கார்டிசால் நாள்கணக்கில் அதிகமாகவே இருந்தால், தோலின் மேலடுக்கில் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு உருவாவது குறைகிறது. பாதுகாப்பு தளர்ந்து, தோல் ஈரத்தை விடுகிறது. நீலகிரியின் வறண்ட குளிர்காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. தோலில் நரம்பு முனைகளுக்குப் பக்கத்திலேயே மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. நரம்பு முனை சுரக்கிற பொருள் பட்டதும் அவை ஹிஸ்டமினை வெளியே விடுகின்றன. அரிப்பு. சொறிந்தால் சுகம், பிறகு புண், அதனால் மறுபடி அரிப்பு. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு கஷ்டம், சொறிந்த இடத்திலேயே புதிதாகப் படை முளைக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைக் கண்டு எழுதி, இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது.

முடி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். கல்லூரிப் பெண்கள் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது என்று எண்ணெய் கேட்டு வருவார்கள். நான் எண்ணெயை எடுக்கும் முன், இரண்டு மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது என்று கேட்பேன். டைபாய்டு, பிரசவம், வீட்டில் ஒரு சாவு, பரீட்சையில் தோல்வி, ஏதாவது ஒன்று இருக்கும். அதிர்ச்சி பட்ட உடனே முடி கொட்டாது. வேரில் வளர்ச்சி நின்று, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் வரும். அதற்குள் நடந்ததை அவர்கள் மறந்திருப்பார்கள், தண்ணீரைக் குறை சொல்வார்கள். அநேகருக்கு முடி தானாகவே திரும்பி வளர்ந்துவிடும். விலை உயர்ந்த எண்ணெய் வாங்கியவர்கள் எண்ணெய்க்கு நன்றி சொல்வார்கள். நான் குறுக்கே பேசுவதில்லை, வியாபாரமும் நடக்க வேண்டுமே.

காயம் ஆறுவதிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட் கிளேசரும் அவருடைய குழுவினரும் 1995இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நினைவு மறந்துபோன உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கிற 13 பெண்கள், அப்படிச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிக் காயம் செய்து, ஆறும் நாளைக் கணக்கிட்டார்கள். பராமரிப்புச் சுமை உள்ளவர்களுக்கு ஆற 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிற எந்த மருமகளுக்கும் இதைக் கேட்டால் ஆச்சரியம் இருக்காது. 1998இல் அதே குழு பல் மருத்துவ மாணவர்களின் அண்ணத்தில் சிறு காயம் செய்து பார்த்தது. விடுமுறையில் ஆறியதைவிடப் பரீட்சைக் காலத்தில் 40 சதவீதம் மெதுவாக ஆறியது. ஒரே ஆள், ஒரே வாய், ஒரே காயம். மாறியது பரீட்சை மட்டும்.

மனசை அமைதிப்படுத்தினால் பலன் உண்டா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட் ஸின் 37 சொரியாசிஸ் நோயாளிகளை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் புற ஊதா ஒளிச் சிகிச்சை. ஒரு பகுதியினருக்கு மட்டும், ஒளிப்பெட்டிக்குள் நிற்கும் நேரத்தில் தியானத்துக்கு வழிகாட்டும் டேப் போட்டார்கள். டேப் கேட்டவர்களின் தோல் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகத்தில் தெளிந்தது. இதுவும் 1998இல் வந்தது. யோகா மேடைகளில் இந்த ஆய்வை அடிக்கடி சொல்வார்கள், ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. ஒளிச் சிகிச்சை இரண்டு தரப்புக்கும் இருந்தது. டேப்பை மட்டும் கேட்டு அங்கே யாரும் குணமாகவில்லை.

மனசுதான் எல்லாம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு என் கடை அலமாரியே சாட்சி. அல்சர் கவலையால் வருகிறது, கோபத்தால் வருகிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. நோயாளிகளுக்கு நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிப் பாலும் மோரும் கொடுத்தார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வயிற்றுப்புண் நோயாளிகளின் இரைப்பையில் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று இரண்டு வாரம் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஆறுகிற புண்ணுக்கு, எத்தனை பேர் தங்கள் சுபாவத்தைக் குறை சொல்லிக்கொண்டே செத்திருப்பார்கள்.

தோலிலும் அப்படித்தான். சொறி சிரங்கு ஒரு பூச்சியால் வருவது. வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் மருந்து பூசாவிட்டால், எவ்வளவு நல்ல எண்ணம் வைத்திருந்தாலும் திரும்ப வரும். படர்தாமரை பூஞ்சை. வெளிறிய தேமல் மாதிரி இருந்து, கிள்ளினால் உணர்ச்சி இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட வேண்டிய மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், முழுவதும் குணமாகும். தேயிலைக்கு மருந்து அடித்த மறுநாள் கையில் வருகிற தடிப்புக்குத் தேவை கையுறை. இந்த நாலிலும் மனசுக்கு வேலை இல்லை.

சந்தோஷமாக இருங்கள் என்ற உபதேசத்தின் இன்னொரு கெடுதல் இது. நோயாளியை அது குற்றவாளி ஆக்குகிறது. உனக்கு வியாதி போகவில்லையா, உன் மனசு சரியில்லை. பச்சைத் தேயிலைக்குக் கிலோ 33.50 ரூபாய் ஆதார விலை கேட்டு 2023 செப்டம்பரில் எங்கள் ஜனங்கள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சின்னத் தேயிலை விவசாயியின் மனசை ஒரு தராசில் வைத்தால், அதில் பாதி எடை அந்த விலைதான். மீதியில் பிள்ளைகளின் படிப்பு, காட்டெருமை மிதித்த கேரட் பாத்தி, டாஸ்மாக் கடையிலிருந்து புருஷன் திரும்பும் நேரம் எல்லாம் இருக்கிறது. இதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு மனசை மட்டும் தனியாக எடுத்துத் துடைத்து வைக்கச் சொன்னால் எப்படி?

புருஷன் என்றதும் ஆண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தூக்கம் வரவில்லை என்று சொல்லவே மாட்டார்கள். "கேஸ்" என்பார்கள். நெஞ்சடைப்பது, படபடப்பது, பசிக்காதது எல்லாமே அவர்களுக்கு கேஸ். மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, தூக்கத்துக்கு வேறு இடத்துக்குப் போவார்கள். குடி சொரியாசிஸை அதிகமாக்கும். அதற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையோடு குடியும் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. இதை நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உதகை பிறந்ததே இந்த மலைக்காற்று நோயைப் போக்கும் என்ற நம்பிக்கையில்தான். 1819இல் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்த பிறகு, சமவெளி வெயிலில் வாடிய வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற்றிக்கொள்ள இங்கே வந்தார்கள். இன்றைய சுற்றுலாக்காரரும் அந்த நம்பிக்கையோடுதான் வருகிறார். வாந்தி மாத்திரை வாங்க வந்த ஒருவர், "இந்தக் காத்தைச் சுவாசிச்சாலே பாதி வியாதி போயிடும் சார், நீங்கல்லாம் குடுத்துவெச்சவங்க" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண் மங்குக்கு க்ரீம் கேட்டுக்கொண்டிருந்தார். உயரம் ஏற ஏற வெயிலில் புற ஊதாக் கதிரின் வேகம் கூடும். 2,000 மீட்டருக்கு மேல் நாள் முழுக்க நின்று இலை பறிக்கிற முகத்தில் கறுப்பு படர்வது அதனால்தான். குளிராக இருக்கிறதே, வெயில் எங்கே சுடுகிறது என்று யாரும் முகத்தை மூடுவதில்லை.

அந்த க்ரீம் விஷயத்தில் எங்கள் தொழிலில் உள்ளவர்களைச் சும்மா விட மாட்டேன். ஸ்டீராய்டு கலந்த ட்யூப் போட்டால் மூன்றே நாளில் அரிப்பு அடங்கும், முகம் வெளுக்கும். அதனால்தான் அது நன்றாக விற்கிறது. மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பித்து, நிறுத்தினால் எரிந்து சிவந்து பழையதைவிட மோசமாகும். இப்படிப்பட்ட 14 வகைக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 2018இல் மத்திய அரசு சேர்த்தது. பட்டியல் இருக்கிறது. மலையிலும் சமவெளியிலும் விற்பனையும் நடக்கிறது. சாயங்காலத்தில் சோப்பு வாங்குவது போல வாங்கிப் போகிறார்கள். அந்த ட்யூபைத் தேடி வருகிற பெண்ணுக்குப் பின்னால் பெண் பார்க்க வரப்போகிற ஒரு குடும்பம் இருக்கிறது, நிறத்தைப் பற்றி யாரோ சொன்ன ஒரு சொல் இருக்கிறது. மனசிலிருந்து தோலுக்குப் போகிற பாதை ஒன்று என்றால், தோலிலிருந்து மனசுக்குப் போகிற பாதை அதைவிட அகலம். படை தெரியும் என்று ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளை உடுத்தி ஊரே கூடி நடக்கிற நாளில், வருடம் ஒருமுறை சொந்தபந்தம் எல்லோரையும் பார்க்கிற நாளில், ஒருத்தி தனியாக இருந்தால் அவளுக்கு அந்த வாரம் அரிப்பு கூடுமா குறையுமா? சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி இல்லை என்பதை ஊரில் நாலு பேர் சத்தமாகச் சொன்னாலே அது ஒரு வைத்தியம்.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உதகையில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறார்கள். நல்ல கட்டடம். அங்கே தோல் நோய்ப் பிரிவு நடக்கிற நாளில், அதே வராண்டாவில், ஒரு மனநல ஆலோசகரை உட்கார வையுங்கள். மனநலப் பிரிவு என்று தனியாக எழுதிய அறைக்கு எங்கள் ஹட்டியிலிருந்து யாரும் போக மாட்டார்கள். பார்த்தவர் ஊரில் போய்ச் சொல்லிவிடுவார் என்ற பயம். தோல் டாக்டரைப் பார்க்கிற வரிசையிலேயே அடுத்த நாற்காலி அவருடையது என்றால் உட்காருவார்கள். இன்னொரு நாள் வரச் சொல்லாதீர்கள். பஸ் செலவு போகட்டும், ஒரு நாள் கூலி போகிறது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பெண் பணியாளர்கள் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு ஊரில் நல்ல மரியாதை உண்டு, அடுப்படிவரை போய்ப் பேசுவார்கள். அவர்கள் கையில் இருக்கிற நோட்டில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொடுங்கள்: ராத்திரி தூக்கம் வருகிறதா, உடம்பில் எங்காவது அரிக்கிறதா? இரண்டுக்கும் பதில் சரியில்லை என்றால் உதகைக்கு அனுப்புங்கள். இதற்குக் கட்டடம் தேவையில்லை, இயந்திரம் தேவையில்லை.

டாக்டர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கூட்டம் அதிகம், ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிடத்தில் கவலைப்படாதீர்கள் என்று சொல்வதற்கு ஆகிற நேரத்தில், என்ன கவலை என்று கேட்டுவிடலாம். பதில் வந்தால் அதற்கு நீங்கள் தீர்வு சொல்ல வேண்டியதில்லை. தேயிலை விலையை நீங்கள் ஏற்ற முடியாது, அது அவருக்கும் தெரியும். ஆனால் சொன்னவர் களிம்பைச் சொன்னபடி போடுகிறார், அடுத்த முறை வருகிறார், பாதியில் நிறுத்திவிட்டு எங்கள் கடையில் ஸ்டீராய்டு ட்யூப் தேடுவதில்லை. மனசு தோலைக் குணப்படுத்துகிறது என்றால் பெரும்பாலும் இந்த வழியில்தான்: ஒழுங்காக மருந்து போட வைக்கிறது, தூங்க வைக்கிறது, சொறிகிற கையை நிறுத்துகிறது.

என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள் அந்த ட்யூபைச் சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம். போன வியாபாரம் வேறு விதத்தில் வரும்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது படையும் தூக்கமில்லாத இரவும் சேர்ந்தே இருந்தால், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104லும் கேட்கலாம். தோலை டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கம் வரவில்லை என்பதையும் அதே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.